வீட்டில் கட்டும் விமானத்துக்கு எந்த எஞ்சின்?



சைக்கிளைப் பிரித்துப் பூட்டியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பழைய ரேடியோவைத் திறந்து பார்த்து வீட்டில் திட்டு வாங்கியவர்களும் இருப்பீர்கள். ஆனால், வீட்டுக் கொட்டகையில் தம் கையாலேயே ஒரு விமானத்தைக் கட்டி, அதிலேயே ஏறி வானில் பறப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அமெரிக்காவில் இத்தகையோர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1953-ஆம் ஆண்டில் பால் போபரெஸ்னி என்பவர் இவர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். 1970 முதல் அச்சங்கத்தின் கோடை விழா விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஆஷ்காஷ் நகரில் நடந்து வருகிறது.

இவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. விமானத்தில் பிஸ்டன் எஞ்சினைப் பூட்டுவதா, டர்பைன் எஞ்சினைப் பூட்டுவதா என்பதே அது. பெரிய பயணி விமானங்கள் எல்லாம் பிஸ்டனைக் கைவிட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்படியிருக்க, வீட்டில் கட்டுவோர் மட்டும் பழையதைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனாலும் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாழப் பறக்கும் சிறு விமானத்துக்குப் பிஸ்டன் எஞ்சினே ஏற்றது. அது பழக்கத்தால் வந்த பிடிவாதம் அன்று. கணக்கு சொல்லும் முடிவு. அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

பிஸ்டன் எஞ்சின் உங்களுக்குப் புதியதன்று. மோட்டார் சைக்கிளில் இருப்பதும் அதுவே. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே இழுத்தல், அமுக்குதல், எரித்தல், புகையை வெளியேற்றுதல் ஆகிய நான்கு வேலைகளும் ஒரே சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. டர்பைனிலும் இதே நான்கு வேலைகள்தாம். ஆனால் அவை நான்கு வெவ்வேறு இடங்களில் ஒரே நேரத்தில் இடைவிடாமல் நடக்கின்றன. முன்புறச் சக்கரம் காற்றை இழுத்து அமுக்குகிறது. நடுவில் உள்ள அறையில் எரிபொருள் அணையாமல் எரிகிறது. சூடான வாயு பின்புறச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியேறுகிறது.

டர்பைனின் பெருமைகளை மறைக்க வேண்டியதில்லை. மேலும் கீழும் அடித்துக்கொள்ளும் உறுப்புகள் அதில் இல்லை, எல்லாம் சுழல்பவை. ஆகவே அதிர்வு குறைவு, தேய்மானமும் குறைவு. சிறு விமானங்களில் புகழ்பெற்ற லைகாமிங் பிஸ்டன் எஞ்சின்கள் பலவற்றை ஏறத்தாழ 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுமையாகப் பிரித்துச் செப்பனிட வேண்டும். பி.டி.6 என்னும் டர்பைனுக்கோ இக்கெடு பொதுவாக 3,600 மணி நேரம். அதே திறனுக்கு டர்பைனின் எடையும் குறைவு. எளிதில் கிடைக்கும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளே அதற்குப் போதும்.

இவ்வளவு நன்மைகள் இருக்கும்போது தயக்கம் ஏன்? அதன் பசிதான் காரணம்.

யானைக்குத் தீனி

பிஸ்டன் எஞ்சினில் கலவை எரியும்போது வெப்பம் 2,000 டிகிரி செல்சியசையும் தாண்டுகிறது. ஆனால் அது ஒரு கணமே. அடுத்து வரும் குளிர்ந்த கலவையும், வெளியே சிலிண்டரைத் தழுவிச் செல்லும் காற்றும் உலோகத்தைக் காப்பாற்றிவிடுகின்றன. டர்பைனின் சக்கர இதழ்களுக்கு இந்த இளைப்பாறுதல் கிடையாது. அவை எப்போதும் நெருப்பிலேயே நிற்கின்றன. இதழ் உருகாமலும் நீளாமலும் இருக்க வேண்டுமானால் வாயுவின் வெப்பத்தைக் குறைத்தே வைக்க வேண்டும். வெப்பம் குறைந்தால் எரிபொருளிலிருந்து நாம் பெறும் பயனும் குறைகிறது.

மற்றொரு காரணமும் உண்டு. பின்புறச் சக்கரம் பெறும் ஆற்றலில் பாதிக்கு மேற்பட்ட பங்கு, முன்புறச் சக்கரத்தைச் சுழற்றிக் காற்றை அமுக்குவதிலேயே போய்விடுகிறது. எஞ்சியதே நமக்கு. பெரிய விமானங்களின் டர்பைன்கள் காற்றை மிக அதிகமாக அமுக்கியும், இதழ்களின் உள்ளே துளையிட்டுக் குளிரூட்டியும் இந்தக் குறைகளை ஈடுகட்டுகின்றன. சிறிய டர்பைனில் இதழ் விரல்நுனி அளவே இருக்கும். அதற்குள் துளையிடுவது எங்ஙனம்? மேலும், சக்கரத்துக்கும் உறைக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விட்டாக வேண்டும். சக்கரம் சிறியதாவதற்கேற்ப அந்த இடைவெளியைச் சிறியதாக்க முடிவதில்லை. ஆகவே, சிறிய டர்பைனில் அதன் வழியே கசியும் காற்றின் பங்கு மிகுதி. டர்பைன் சிறுக்கச் சிறுக்க வீண்செலவு பெருகுகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். இருவர் அமரும் வீட்டு விமானம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 160 குதிரைத்திறன் எஞ்சின். சீராகப் பறக்கும்போது 120 குதிரைத்திறன் செலவு. நல்ல பிஸ்டன் எஞ்சின், ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 200 கிராம் எரிபொருள் கேட்கும். ஆக மணிக்கு 24 கிலோ. சிறு டர்பைன் 350 கிராம் அளவில் கேட்கும். ஆக மணிக்கு 42 கிலோ. நான்கு மணி நேரத்துக்கு எரிபொருள் நிரப்பினால் முதலாவதற்கு 96 கிலோ. இரண்டாவதற்கு 168 கிலோ. வேறுபாடு 72 கிலோ.

இந்த அளவு பிஸ்டன் எஞ்சினின் எடை 110 கிலோவுக்குச் சற்று மேல். டர்பைன் அதில் பாதி எடைதான் என்றே வைத்துக்கொள்வோம். எஞ்சினில் மிச்சமானது 55 கிலோ. எரிபொருளில் கூடியது 72 கிலோ. இலேசான எஞ்சினைப் பூட்டியும் விமானம் கனத்துவிட்டது! யானை வாங்குவது பெரிதன்று, அதைக் கட்டித் தீனி போடுவதே பெரிது என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வாங்கும் விலையும் டர்பைனுக்குப் பல மடங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குருவித் தலையில் பனங்காய்

"எரிபொருள் போனால் போகட்டும், வேகம் கிடைக்குமே!" என்று சிலர் வாதிப்பார்கள். அதையும் பார்ப்போம். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அதை வெல்லத் தேவையான திறனோ எட்டு மடங்காகிறது. இதையே திருப்பிப் பாருங்கள். எஞ்சினின் திறனை இரு மடங்காக்கினால் வேகம் ஏறத்தாழ 26 விழுக்காடே கூடும். மணிக்கு 300 கிலோமீட்டர் பறக்கும் விமானம் 378 கிலோமீட்டரைத் தொடும், அவ்வளவே.

அந்த வேகத்தையும் விமானத்தின் உடல் தாங்க வேண்டுமே! ஒவ்வொரு விமானத்துக்கும், அதை வடிவமைத்தவர் ஒரு வேக எல்லை விதித்திருப்பார். அதைத் தாண்டினால் இறக்கையும் வாலும் காற்றில் கொடி படபடப்பதுபோல் அதிரத் தொடங்கும். சில நொடிகளில் அவை பிய்ந்து போகவும் கூடும். மெலிந்த உடலில் மிகுதியான திறனைப் பூட்டுவது குருவித் தலையில் பனங்காய் வைப்பது போன்றதாகும். வீட்டு விமானத்தில் அமர்பவர் யார்? அதைக் கட்டியவரும் அவர் வீட்டாரும்தான். இந்தக் கணக்கில் பிழை நேர்ந்தால் போவது மதிப்பெண் அன்று; உயிர்.

இன்னொரு ஆசையும் உண்டு. இராணுவ ஹெலிகாப்டர்களில் மின்சாரம் முதலிய துணை வேலைகளுக்கு வைத்திருந்த சிறு டர்பைன்கள், கழிவுப் பொருளாக மலிவு விலைக்கு விற்பனைக்கு வருவதுண்டு. சோலார் டி62 அவற்றுள் ஒன்று. அதை மாற்றியமைத்துச் சிறு ஹெலிகாப்டர்களில் பூட்டிப் பறந்தவர்களும் உண்டு. ஆனால், ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கப் பிறந்த இயந்திரம் அது. முன்பு எத்தனை முறை சூடாகிக் குளிர்ந்தது என்னும் வரலாறு தெரியாவிட்டால், அதன் சக்கரம் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதும் தெரியாது. டர்பைனைக் கிளப்பும்போது எரிபொருள் சற்றே மிகுந்தால், சில நொடிகளில் இதழ்கள் கருகிவிடும். பிஸ்டன் எஞ்சின் நம் தவறுகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், டர்பைன் பொறுக்காது.

எதிர்க்கட்சியின் நியாயம்

ஒரு கட்சியை மட்டும் பேசுவது அறிவியலுக்கு அழகன்று. டர்பைனே சரியென்று சொல்லத்தக்க இடங்களும் உள்ளன. ஏறத்தாழ 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் பாதியாகிவிடுகிறது. அங்கே சாதாரண பிஸ்டன் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். இன்னும் உயரே, காற்று மெலிந்து தடை குறைந்திருக்கும் இடத்தில் விரைந்து செல்ல டர்பைனே ஏற்றது. 2008-இல் முதன்முதலாகப் பறந்த லான்சேர் எவல்யூஷன் என்னும் நான்கு இருக்கை விமானம் இதற்கு எடுத்துக்காட்டு. அழுத்தம் காக்கும் அறையும் 750 குதிரைத்திறன் பி.டி.6 டர்பைனும் கொண்டு, 8,500 மீட்டர் உயரத்தில் பறக்கவென்றே அது வடிவமைக்கப்பட்டது. அத்தகைய அறை இல்லாத சாதாரண வீட்டு விமானம் அங்கே போய் என்ன செய்யும்? பறப்பவருக்கே உயிர்வளி போதாதே!

பிஸ்டன் கட்சிக்குத் தலைகுனிவான ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல பிஸ்டன் விமானங்கள் இன்னும் ஈயம் கலந்த பெட்ரோலையே எரிக்கின்றன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. இதை ஒழித்தே ஆக வேண்டும். ஆனால், அதற்கு டர்பைன் ஒன்றே வழியன்று. ரோடாக்ஸ் 912 போன்ற சிறு பிஸ்டன் எஞ்சின்கள் காருக்குப் போடும் ஈயமில்லாப் பெட்ரோலில் ஓடுகின்றன. டர்பைனுக்குரிய எரிபொருளையே எரிக்கும் டீசல் வகைப் பிஸ்டன் எஞ்சின்களும் விமானங்களுக்கு வந்துவிட்டன.

ஒரே பட்டறை, இரண்டு விடைகள்

இந்த வழக்கில் நான் அழைக்கும் சாட்சி, பர்ட் ரூட்டான் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர். வீட்டில் கட்டுவோருக்காக வேரிஈஸி, லாங்ஈஸி என்னும் விமானங்களை வரைந்து தந்தவர். அவர் வடிவமைத்த வாயேஜர் விமானம், 1986-ஆம் ஆண்டு டிசம்பரில், இடையில் எங்கும் இறங்காமலும் எரிபொருள் நிரப்பாமலும் உலகைச் சுற்றி வந்தது. இச்சாதனையை முதலில் செய்த விமானம் அதுவே. அவருடைய அண்ணன் டிக் ரூட்டானும், ஜீனா யேகர் என்னும் பெண்மணியும் அதை ஓட்டினார்கள். 9 நாட்கள், 40,000 கிலோமீட்டருக்கு மேல், சராசரி வேகம் மணிக்கு 190 கிலோமீட்டருக்கும் குறைவு. கிளம்பும்போது மொத்த எடை ஏறத்தாழ 4,400 கிலோ. அதில் எரிபொருள் மட்டும் ஏறத்தாழ 3,180 கிலோ. தரை இறங்கியபோது மிஞ்சியது 50 கிலோவுக்கும் குறைவு! அதில் இருந்தவை இரண்டு பிஸ்டன் எஞ்சின்கள். அவை பத்தில் ஒரு பங்கு கூடுதலாக எரிபொருள் குடித்திருந்தாலும் விமானம் ஊர் வந்து சேர்ந்திருக்காது.

பின்பு அவருடைய நிறுவனமே குளோபல்ஃபிளையர் என்னும் விமானத்தைக் கட்டியது. 2005-இல் அதில் ஸ்டீவ் ஃபாசெட் என்பவர் தன்னந்தனியாக, ஏறத்தாழ 67 மணி நேரத்தில், இடைநில்லாமல் உலகைச் சுற்றி வந்தார். அதில் பூட்டியிருந்ததோ டர்பைன் வகையைச் சேர்ந்த ஜெட் எஞ்சின்! ஒரே பட்டறை, ஒரே உலகம், ஒரே சுற்று. அப்படியிருக்க விடை ஏன் மாறியது? வேலை மாறிவிட்டது. தனி ஆள் ஒன்பது நாள் விழித்திருக்க முடியாது. ஆகவே விரைவு வேண்டும். விரைவு வேண்டுமானால் மிக உயரே போக வேண்டும். உயரே போனால் டர்பைன் வேண்டும். தாழ, மெல்ல, சிக்கனமாகப் போக வேண்டியிருந்தபோது பிஸ்டனே வேண்டியிருந்தது.

ஆகவே நண்பர்களே, "எது உயர்ந்த எஞ்சின்?" என்று கேட்பதே தவறு. எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். இரண்டு பேர், சில நூறு கிலோமீட்டர், 3,000 மீட்டர் உயரம் என்பதே பெரும்பாலான வீட்டு விமானங்களின் வேலை. அதற்குப் பிஸ்டன் எஞ்சினே தகும்.

கடைசியாக ஒன்று. வீட்டு விமானத்தின் பெரும்பகுதி வேலையை, தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவர்களே செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. 1903-இல் ரைட் சகோதரர்களின் விமானத்துக்கு 12 குதிரைத்திறன் எஞ்சினைச் செய்து கொடுத்தவர், அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை செய்த சார்லி டெய்லர். பிஸ்டன் எஞ்சினைத் திறந்து பார்க்கலாம், அளக்கலாம், பழுதுபட்டதை மாற்றலாம். கட்டியவரே புரிந்துகொண்டு பேணக்கூடிய எஞ்சின், அவருக்குக் கல்வியும் ஆகும், காவலும் ஆகும். தாம் ஏறி அமரப் போகும் விமானத்துக்கு அதைவிடப் பெரிய தகுதி ஒன்று உண்டா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.