உள்ளங்களை எடைபோடுமுன்…



நம் பிள்ளைகளின் பேச்சில் அண்மைக்காலமாகச் சில புதிய சொற்கள் புழங்குகின்றன. ஒரு நடிகரைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவருக்கு பைபோலார்" என்கிறார்கள். ஓர் அரசியல் தலைவரை "நார்சிசிஸ்ட்" என்கிறார்கள். கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளியில் கேட்ட சொல், மறுநாள் வகுப்புத் தோழன் மீது பாய்கிறது. அடுத்த வாரம் பெற்ற தாயின் மீதே பாய்கிறது. மனநல மருத்துவர் பல முறை அமர்த்திக் கேட்டறிந்த பின்னரே சொல்லத் தயங்கும் ஒரு முடிவை, பதினான்கு வயதுப் பிள்ளை நொடியில் சொல்லிவிடுகிறது.

இதற்கு மருந்து அச்சொற்களைத் தடை செய்வதன்று. தடை செய்தால் நம் செவியில் விழாத இடத்தில் பேசுவார்கள். புகழ்பெற்ற மனிதர்களின் வாழ்வையும் உள்ளத்தையும் ஆதாரத்தோடு எவ்வாறு ஆராய்வது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதை நம் மதரஸாக்களிலேயே கற்பிக்க வேண்டும் என்பது நமது கருத்து. இது நம் மார்க்கக் கல்விக்கு அந்நியமானதன்று. அதன் வேரிலேயே இருப்பது.

ஹதீஸ் கலையை எண்ணிப் பாருங்கள். அறிவிப்பாளர்களின் குறை நிறைகளை ஆராயும் ஜரஹ் வ தஃதீல் என்னும் துறையை நம் முன்னோர் உருவாக்கினார்கள். ஒருவர் இறையச்சம் மிக்கவர் என்பதற்காக மட்டும் அவரது அறிவிப்பை அவர்கள் ஏற்கவில்லை. அவரது நினைவாற்றல் எத்தகையது, யாரிடம் எப்போது கேட்டார் என்பதையும் பார்த்தார்கள். கூஃபா நகரத்து அதாஉ பின் ஸாயிப் அவர்களுக்குப் பிற்காலத்தில் நினைவு தடுமாறியது. அறிஞர்கள் அவரை இகழவுமில்லை, அவரது அறிவிப்புகள் அனைத்தையும் தள்ளிவிடவுமில்லை. தடுமாற்றத்திற்கு முன் அவரிடம் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்று பிரித்து, முன்னதை ஏற்றார்கள். ஒரு மனிதரின் மனநிலையை இத்தனை நிதானத்தோடு அணுகிய சமுதாயத்தின் பிள்ளைகள், ஒரு காணொளியை நம்பித் தீர்ப்பு வழங்குவது முறையாகுமா?

வகுப்பில் முதலில் எடுத்துக்கொள்ளத்தக்கவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1091ஆம் ஆண்டில் பாக்தாத் நிஜாமிய்யா மதரஸாவின் பேராசிரியர் பதவியை ஏற்றபோது அவர்களுக்கு வயது முப்பத்து மூன்று அளவில்தான். நான்காண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 488 ரஜப் மாதத்தில், பாடம் நடத்த அமர்ந்தால் நாவு எழவில்லை. உணவு இறங்கவில்லை. உடல் நலிந்தது. மருத்துவர்கள் பார்த்துவிட்டு, இது உள்ளத்தில் தோன்றி உடலுக்கு இறங்கிய நோய் என்று கைவிட்டனர். சில மாதப் போராட்டத்திற்குப் பின் பதவியையும் புகழையும் துறந்து இமாமவர்கள் பாக்தாதை விட்டு வெளியேறினார்கள். இவை அனைத்தையும் 'அல்முன்கித் மினழ்ழலால்' என்னும் நூலில் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது பிள்ளைகளிடம் கேட்போம். இமாமவர்களுக்கு நேர்ந்தது என்ன? இக்காலத்தில் சிலர் அதை மனச்சோர்வு நோய் என்கின்றனர். சிலர், 1092இல் அமைச்சர் நிஜாமுல் முல்க் கொல்லப்பட்டதைச் சுட்டி, உயிரச்சமே காரணம் என்கின்றனர். இமாமவர்களோ, தம் போதனை அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா என்ற கேள்வியே தம்மை உலுக்கியதாக எழுதுகிறார்கள். இம்மூன்றில் எது நேரடிச் சாட்சியம், எது ஊகம்? அந்த நூலும் நிகழ்ச்சி நடந்து பத்தாண்டுகளுக்குப் பிறகே எழுதப்பட்டது. இடைப்பட்ட காலம் ஒருவரின் நினைவை எவ்விதம் வடிவமைக்கும்? ஒரு காரணம் உண்மையெனில் மற்றவை பொய்யாகித்தான் தீர வேண்டுமா? இக்கேள்விகளோடு அரை மணி நேரம் போராடிய பிள்ளை, அடுத்த முறை ஒரு சொல்லை எறிவதற்கு முன் சற்றே நிற்கும். இன்னொன்றையும் அது கற்கும்: ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உம்மத் போற்றும் இமாமின் உள்ளமும் ஒரு காலம் நோவுற்றது, அவர்கள் மருத்துவரையும் நாடினார்கள், பின்னர் அதை மறைக்காமல் எழுதவும் செய்தார்கள். மனம் தளர்ந்தவரை ஈமான் குறைந்தவர் என்று ஏசுவோருக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

இரண்டாவது பாடத்திற்கு நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டியிலிருந்து பேருந்து ஏறினால் எட்டயபுரம். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருக்கும் ஊர் அது. சுப்பிரமணிய பாரதியார் 1882இல் பிறந்த ஊரும் அதுவே. பாரதியார் எவ்வாறு இறந்தார் என்று எந்த மாணவரைக் கேட்டாலும், "யானை மிதித்து" என்று பதில் வரும். திருவல்லிக்கேணிக் கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. ஆனால் அவர் காயத்திலிருந்து தேறினார். 'சுதேசமித்திரன்' பணிக்குத் திரும்பினார். ஈரோட்டிற்குச் சென்று கருங்கல்பாளையத்தில் சொற்பொழிவும் ஆற்றினார். 1921 செப்டம்பரில் அவரைக் கொண்டுபோனது வயிற்று நோய். அப்படியிருக்க, யானைக் கதை ஏன் இத்தனை ஆண்டு நிலைத்தது? அஞ்சாத கவிஞனுக்கு அசாதாரணமான மரணமே பொருந்தும் என்று நம் மனம் விரும்புகிறது. வயிற்றுக்கடுப்பு அந்த விருப்பத்தை நிறைவு செய்வதில்லை. ஆக, இங்கே ஆராயப்பட வேண்டிய உள்ளம் கதையை நம்பிய நம்முடையது.

நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். துயரத்தின் உச்சியில் நின்ற தந்தை அதை ஏற்றிருந்தால் மறுப்பவர் எவருமில்லை. ஆயினும் எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கிரகணம் ஏற்படுவதில்லை என்று அண்ணலார் அப்போதே திருத்தினார்கள். மனம் விரும்பும் கதையையும் உண்மையையும் பிரித்தறிய இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

அதே பாரதியாரிடம் மற்றொரு பாடமும் உண்டு. 'ரயில்வே ஸ்தானம்' என்னும் கதையில் ஒரு முஸ்லிம் இளைஞர் உடன்பிறந்த சகோதரிகள் மூவரை மணந்ததாக அவர் எழுதினார். சகோதரிகளை ஒரே காலத்தில் மணமுடிப்பது இஸ்லாத்தில் விலக்கப்பட்டது என்று ஒரு முஸ்லிம் நண்பர் எடுத்துரைத்தார். பாரதியார் அதை ஏற்று, அத்திருத்தத்தையும் எழுதி வெளியிட்டார். சுட்டிக்காட்டியவர் சினம் கொள்ளவில்லை. சுட்டப்பட்டவர் மானக்குறைவாகக் கருதவில்லை. நம் பிள்ளைகள் இவ்விருவரையும் அறிந்திருக்க வேண்டும்.

இனி, பெற்றோர் பலர் எழுப்பும் நியாயமான தடைக்கு வருவோம். பிறர் உள்ளத்தைத் துருவுவது புறம் பேசுவதாகாதா? அதிகமான ஊகங்களைத் தவிர்க்குமாறும் துருவித் துருவி ஆராயாதிருக்குமாறும் திருக்குர்ஆன் (49:12) எச்சரிக்கிறதே? உண்மை. போரில் கலிமா மொழிந்த ஒருவரை, அச்சத்தால் மொழிந்தார் என்று கருதி உஸாமா (ரலி) அவர்கள் கொன்றுவிட்டபோது, அவர் நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டார்கள். அந்தக் கேள்வியே நம் பாடத்தின் வேலி.

உலகமும் பட்டுத்தான் இதைக் கற்றது. 1964இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் பாரி கோல்ட்வாட்டர் போட்டியிட்டபோது, 'ஃபாக்ட்' என்னும் இதழ் மனநல மருத்துவர்களிடம் அவரைப் பற்றிக் கருத்துக் கேட்டது. அவர் உளவியல் ரீதியாகத் தகுதியற்றவர் என்று 1,189 பேர் எழுதினர். கோல்ட்வாட்டர் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார். அதன்பின் 1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், நேரில் பரிசோதிக்காத ஒருவரின் மனநிலை குறித்துத் தொழில்முறைத் தீர்ப்புக் கூறலாகாது என்று விதி வகுத்தது. தேர்ந்த மருத்துவர்களுக்கே வேலி தேவைப்பட்டதெனில், நம் பிள்ளைகளுக்குத் தேவையில்லையா?

ஆதலால் இப்பாடத்திற்கு வரம்பு வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதைக் கடந்தவர்களுக்கே இது உரியது. காலஞ்சென்றவர்களையே, அதிலும் தம்மைப் பற்றித் தாமே எழுதியவர்களையே எடுத்துக்கொள்ள வேண்டும். உயிரோடிருப்பவர், உறவினர், மஹல்லாவாசிகள் எவரும் வகுப்பிற்குள் வரலாகாது. ஸஹாபாக்களின் கண்ணியம் ஆய்வுக்குரிய பொருளன்று. நோயின் பெயரைச் சூட்டுவது பாடத்தின் முடிவாக இருக்கக் கூடாது. நான்கு கேள்விகள் போதும்: இதைச் சொன்னவர் நேரில் கண்டவரா? எவ்வளவு காலம் கழித்துச் சொன்னார்? வேறு விளக்கம் உண்டா? நாம் இதைச் சொல்வதால் எவருக்கேனும் தீங்கு உண்டா? செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்னும் இறைக்கட்டளையும் (49:6), அறிவில்லாததைப் பின்தொடராதீர் என்னும் கட்டளையும் (17:36) இந்நான்கில் அடங்கும்.

இவ்வாறு வளரும் பிள்ளைகள் நாளை உஸ்தாதுகளையே கேள்வி கேட்பார்களே என்று அஞ்சுவோர் உண்டு. கேட்கட்டும். அதபோடு கேட்கும் பிள்ளைக்கு ஆதாரத்தோடு விடை சொல்வது ஆசிரியரின் கடமை. கரிசல்காட்டு விவசாயி ஒரு மழை பெய்தவுடன் விதைப்பெட்டியைத் தூக்குவதில்லை. மண்ணைக் கிளறி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்தே விதைக்கிறான். கேள்வி கேட்கும் பிள்ளையும் ஈரம் பார்க்கிறது. அதை அவநம்பிக்கை என்று கொள்ளலாகாது.

இவையெல்லாம் வெறும் கல்வி விவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், நம் அண்டை மாவட்டமாகிய இராமநாதபுரத்தின் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் கருகின. பேய் என்றும் செய்வினை என்றும் யாரோ சொன்னதைக் கேட்டு, மருத்துவரிடம் செல்ல வேண்டியவர்களை இத்தகைய இடங்களுக்குக் கொண்டுசேர்ப்பது அந்நாளில் வழக்கமாயிருந்தது. ஆராயாமல் சொன்ன சொல் சங்கிலியாக மாறியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவ்வாறு சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. ஆனால் சொற்களால் பிணைப்பதைத் தடுக்கச் சட்டத்தால் இயலாது, கல்வியால்தான் இயலும். அன்று "பேய்" என்ற சொல் செய்த வேலையை இன்று காணொளியில் கற்ற ஆங்கிலப் பட்டங்கள் செய்துவிடக் கூடாது.

ஆகவே, மதிப்பிற்குரிய பெற்றோர்களே, ஜமாஅத் பொறுப்பாளர்களே! ஞாயிறு வகுப்பில் மாதம் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குங்கள். வீட்டில் ஒரு பிள்ளை எவரையேனும் பட்டப்பெயரிட்டால், அதட்டுமுன் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கனிவோடு கேளுங்கள். அப்பிள்ளையே மனம் வாடியிருந்தால் துஆவோடு மருத்துவத்தையும் நாடுங்கள். அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

உள்ளங்களில் உள்ளதை முழுமையாக அறிபவன் அல்லாஹ் ஒருவனே. அவன் நமக்கும் நம் சந்ததிக்கும் ஆராயும் அறிவையும், அறியாததில் நாவை அடக்கும் பண்பையும் தந்தருள்வானாக. ஆமீன்.