அவசரமில்லை என்று யார் சொல்வது?

இரவு பத்து மணிக்கு மேல் மருத்துவரைத் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே சந்தடியின்றி வேரூன்றிவிட்டது. இந்தியாவில் தொலைமருத்துவத்திற்கான வழிகாட்டு நெறிமுறைகள் வெளியானது 2020 மார்ச் 25 அன்று. நாடடங்கத் தொடங்கிய அதே நாள். ஊரடங்கு போயிற்று, ஏற்பாடு நிலைத்துவிட்டது. மத்திய அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது. தனியார் செயலிகள் இருக்கின்றன. இவற்றிற்கெல்லாம் முன்பே, 2013ஆம் ஆண்டின் இறுதியில், தமிழகத்தில் 104 என்னும் கட்டணமில்லா எண் இருபத்துநான்கு மணிநேரமும் ஒலிக்கத் தொடங்கியிருந்தது. 108ஐ அறிந்த அளவுக்கு 104ஐ நம் மக்கள் அறியார் என்பது வேறு கதை.

இவற்றின் பயனை மறுப்பது நம் நோக்கமன்று. பிள்ளைக்கு நள்ளிரவில் காய்ச்சல் ஏறுகிறது. பாராசிட்டமால் எத்தனை மில்லி கொடுக்கலாம் என்பது குழந்தையின் எடையைப் பொறுத்தது. அதைக் கேட்டறிய ஐந்து நிமிடப் பேச்சு போதும். பால் குடிக்கிறதா, குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறதா, வலிப்பு வந்ததா, எழுப்பினால் விழிக்கிறதா என்று நான்கு கேள்விகளைக் கேட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு குரல் சொல்லிவிட்டால் அந்த வீடு உறங்கும். தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், தேவையற்ற சோதனைகளுக்கும் பணம் கட்டித் திரும்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

நம் ஐயம் வேறிடத்தில் இருக்கிறது. இச்சேவைகள் பெரும்பாலும் 'அவசரமற்ற உடல்நலச் சிக்கல்களுக்கு' என்றே தம்மை அறிமுகம் செய்துகொள்கின்றன. அவசரமா இல்லையா என்பதை அழைப்பவர் முன்கூட்டியே அறிந்திருப்பார் என்பது இதன் உட்பொருள். அறிந்திருந்தால் அவர் ஏன் அழைக்கப் போகிறார்? உண்மையில் அந்த நேரத்தில் நாம் மருந்தைத் தேடுவதில்லை, 'இது காத்திருக்கலாமா?' என்ற ஒரு வினாவிற்கே விடை தேடுகிறோம். அவ்விடையோ முழுக்க முழுக்க நாம் எடுத்துரைக்கும் சொற்களையே நம்பி நிற்கிறது. நாடி பார்க்கும் விரலில்லை, அழுத்திப் பார்க்கும் கையில்லை. மொழி ஒன்றே அங்கே கருவி.

இக்கருவி எப்படிப்பட்டது? 'வாய்வு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் நெஞ்சில் எது நேர்ந்தாலும் முதலில் அது வாய்வு, இப்போது 'கேஸ்'. சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வோம். மாரடைப்பின் வலி நெஞ்சை இறுக்கும், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும், வியர்க்கும். நீரிழிவுக்காரர்களுக்கும் பெண்களுக்கும் இந்த அடையாளங்கள்கூடத் தெளிவாக வராமற்போகலாம். 'கேஸ் பிடித்திருக்கிறது, ஏதாவது மாத்திரை சொல்லுங்கள்' என்று கேட்பவர் நோயைச் சொல்லவில்லை, தீர்ப்பைச் சொல்லிவிட்டார். அத்தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளும் மருத்துவர் அமில முறிவு மருந்தை எழுதலாம். நெறிமுறைகள் அதை எவ்வகை அழைப்பிலும் எழுத இசைகின்றன. அவசரநிலை என்றால் நோயாளியை நேரில் காணச் செய்தல் வேண்டும் என்றும் அதே நெறிமுறைகள் கண்டிப்பாகச் சொல்கின்றன. இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு சொல்.

'மயக்கம்' இன்னொன்று. தலைசுற்றலும் மயக்கம், நினைவிழந்து விழுவதும் மயக்கம், சோர்வும் மயக்கமே. 'இடுப்பு வலி' என்றால் முதுகின் கீழ்ப்பகுதி நோவதும் ஆகும், பிரசவ வலியும் ஆகும். தென்மாவட்டத்தார் பலர் 'குறுக்கு வலிக்கிறது' என்பர். இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து அழைப்பவர் 'நாரி நோகுது' என்பார். நம் வகுப்பறையில் 'கடுப்பு' என்பதற்குப் பொருள் கேட்டால் மாணவர்கள் தயக்கமின்றி எரிச்சல், சினம் என்கிறார்கள். அவர்தம் பாட்டிமாருக்கு நீர்க்கடுப்பு வேறு, வயிற்றுக்கடுப்பு வேறு, கால்கடுப்பு வேறு. மூன்றும் மூன்று நோய்கள். அம்மாணவர்களின் வயதினரே நாளை இரவுப் பணியில் தொலைபேசியை எடுக்கப் போகும் மருத்துவர்கள்.

பேசுபவர் பெரும்பாலும் நோயாளியல்லர் என்பதையும் எண்ண வேண்டும். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்று மருத்துவத்தை நான்காகப் பகுத்த வள்ளுவர் அந்த நான்காமவனுக்கு உழைச்செல்வான் என்று பெயரிட்டார். இரவில் அழைப்பவன் அவன்தான். மனைவியின் உபாதையைக் கணவன் சொல்லும்போது உதிரப்போக்கு, வெள்ளைப்படுதல், அடிவயிற்று நோவு யாவும் 'வயிற்று வலி' என்ற ஒரு போர்வைக்குள் அடங்கிவிடுகின்றன. அவள் பக்கத்திலேயே நின்றாலும் தொலைபேசி அவள் கைக்குப் போவதில்லை. இதைத் தொழில்நுட்பக் குறை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நெறிமுறைகள் காணொலி, ஒலி, எழுத்து என மூவகைத் தொடர்பையும் ஏற்கின்றன. எழுத்தையே தொழிலாகக் கொண்ட நாம் இதைச் சொல்வது விந்தையாக இருக்கலாம்: இரவு நேரத்து நோய்க்குத் தட்டச்சு உரையாடல் உதவாது. ஒரு தொடரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடிகிறதா, நடுவில் மூச்சு வாங்குகிறதா என்பதே மருத்துவருக்கு ஒரு குறிப்பு. தங்கிலீஷில் தட்டிய நான்கு சொற்களில் அந்த மூச்சு இராது. வலியை ஒன்று முதல் பத்துக்குள் மதிப்பிடச் சொல்லும் செயலியோ இன்னும் பரிதாபம். குத்துகிறது, பிசைகிறது, திருகுகிறது, இறுக்குகிறது, காந்துகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது என்று வகைபிரித்துச் சொல்லத் தெரிந்த பெண்மணியிடம் 'ஆறா, ஏழா?' என்று கேட்பது என்ன நியாயம்?

இங்கிலாந்தில் 1998இல் செவிலியர்களைக் கொண்டு தொடங்கிய தொலைபேசிச் சேவையின் இடத்தில் இன்று 111 என்ற எண் இருக்கிறது. அழைப்பை முதலில் எடுப்பவர் மருத்துவரல்லர்; பயிற்சி பெற்ற பணியாளர். கணினி காட்டும் வரிசையில் அவர் கேட்கும் முதற்கேள்விகள் உயிருக்கு ஆபத்து உண்டா என்பதைக் கண்டுகொள்வதற்கானவை. அவ்வாபத்து விலக்கப்பட்ட பின்னரே மற்றவை. 'அவசரமில்லை' என்பது அங்கே உரையாடலின் முடிவு. நம்மிடமோ அது நுழைவுச் சீட்டாக இருக்கிறது.

அந்த வினாவரிசையை அப்படியே மொழிபெயர்த்துக் கொண்டுவந்தால் பயனிராது. நம் மாவட்டங்களில் உடல்நோவைக் குறிக்கும் சொற்கள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை பொருள் தருகிறது, எச்சொல்லைக் கேட்டால் அடுத்து எதைக் கேட்டாக வேண்டும் என்று தொகுப்பது மருத்துவக் கல்லூரியால் மட்டும் இயலாது. வட்டார வழக்கு ஆய்வேடுகள் நம் தமிழ்த்துறைகளின் அலமாரிகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன. உறவுப்பெயர், உணவுப்பெயர், வேளாண் கலைச்சொல் என்று தொகுத்துத் தள்ளியிருக்கிறோம். அடுத்த கல்வியாண்டில் முதுகலை மாணவர்கள் பத்துப் பேரை நோய்ச்சொற்களுக்கென அனுப்பலாம். முதலில் அரசு மருத்துவமனைப் புறநோயாளிகள் வரிசைக்கு. அங்கே மருத்துவர் எழுதிக்கொள்வதற்கும் கிழவி சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு வரட்டும்.