பெண் குழந்தைக்கு பாப்பா பொம்மை வாங்கித் தரலாமா, கூடாதா?

மூணு வயசுப் பொண்ணுக்கு பிறந்தநாள். பாட்டி ஒரு பாப்பா பொம்மையோடு வந்து நிற்கிறார். படுக்க வைத்தால் கண்ணை மூடும், வயிற்றை அமுக்கினால் அழும், கூடவே ஒரு குட்டி பால் புட்டி. குழந்தைக்கு ஒரே குஷி. அம்மாவுக்கு மட்டும் லேசான நெருடல். ‘இந்த வயசுலேயே இடுப்புல பிள்ளையா?’

அன்று ராத்திரியே ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். “நாமெல்லாம் இதை வெச்சு விளையாடலையா, என்ன கெட்டுப்போச்சு?” என்பது ஒரு கட்சி. “அப்போ போன மாசம் தம்பி பையனுக்கு ஏன் ஜேசிபி வாங்கினீங்க?” என்பது இன்னொரு கட்சி. சத்தமில்லாமல் கடந்துபோகும் அந்த ரெண்டாவது கேள்விதான் முக்கியமானது.

இது பழைய கதை

பெண் குழந்தைக்கு ஒன்று, ஆண் குழந்தைக்கு வேறொன்று என்று விளையாட்டைப் பிரித்தது பிங்க் கலர் அட்டைப்பெட்டிகள் மட்டுமல்ல. நம்ம பிள்ளைத்தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பருவங்களில் முதல் ஏழு இருபாலருக்கும் பொது. கடைசி மூன்றில் பாதை பிரிகிறது. ஆண் குழந்தைக்கு சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்கு அம்மானை, நீராடல், ஊசல். சிற்றில் பருவத்தில் வீடு கட்டுவது யார் என்று நினைக்கிறீர்கள்? சிறுமிகள்தான். பையன் வந்து காலால் அதைக் கலைப்பான், கலைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள்.

ஆனால் கொலுப்படியில் நிற்கும் மரப்பாச்சி கொஞ்சம் வேற ரகம். அது ஜோடி பொம்மை, ஆணும் பெண்ணும். துணி கட்டிவிடலாம், கல்யாணம் பண்ணி வைக்கலாம், சண்டை மூட்டிவிடலாம். பாப்பா பொம்மையிலோ பால் புட்டியும் டயப்பரும் பெட்டியிலேயே வந்துவிடுவதால், பாதிக் கதை முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது.

பெண்களுக்கு இயல்பிலேயே பிடிக்குமா?

உகாண்டாவின் கிபாலே தேசியப் பூங்காவில் ஒரு சிம்பன்சி கூட்டத்தைப் பல வருடங்கள் கவனித்த ஆய்வாளர்கள், 2010-ல் ஒரு சுவாரஸ்யமான தகவலை வெளியிட்டார்கள். குட்டிச் சிம்பன்சிகள் குச்சிகளை எடுத்துக்கொண்டு, குழந்தையைச் சுமப்பதுபோலச் சுற்றுகின்றன. இதை அதிகம் செய்தவை பெண் குட்டிகள். முதல் பிரசவம் ஆனபிறகு அந்தப் பழக்கம் நின்றுவிடுகிறது.

‘பார்த்தீங்களா, இயற்கையே அப்படித்தான்’ என்று குரூப்பில் ஃபார்வேர்டு செய்வதற்கு முன்னால் மீதியையும் படிக்க வேண்டும். ஆண் குட்டிகளும் குச்சி சுமந்தன, எண்ணிக்கைதான் குறைவு. மற்ற சிம்பன்சி கூட்டங்களில் இது வழக்கமாகப் பதிவாகவில்லை என்பதால், ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொள்ளும் பழக்கமாகவும் இது இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே சொன்னார்கள்.

பொம்மையால் என்ன லாபம்?

பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட ஆய்வில் 4 முதல் 8 வயது வரையிலான 33 குழந்தைகள் பங்கேற்றார்கள். பொம்மையோடும் டேப்லெட் கேமோடும் விளையாடும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். அடுத்தவர்களைப் புரிந்துகொள்ள உதவும் மூளைப் பகுதி, குழந்தை தனியாகப் பொம்மையோடு விளையாடும்போதும் வேலை செய்தது. தனியாக டேப்லெட்டில் விளையாடும்போது அந்த அளவுக்கு இல்லை. இது பையன்களுக்கும் பொருந்தியது.

ரெண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பார்பி தயாரிக்கும் மேட்டல் நிறுவனம். பயன்படுத்தியதும் பார்பி பொம்மைகள்தான், பாப்பா பொம்மைகள் அல்ல.

‘சரி, பாப்பா பொம்மை வேணாம், பார்பி வாங்கிடலாம்’ என்று தோன்றலாம். 1959-ல் பார்பி பிறந்ததே ஏறக்குறைய அந்த யோசனையில்தான். சிறுமிகள் அம்மாவாக மட்டுமே நடிக்க வேண்டுமா என்று கேட்டவர் அதை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர். ஆனால் 2014-ல் அமெரிக்காவில் 37 சிறுமிகளிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு வேறு மாதிரி சொன்னது. சில நிமிடங்கள் பார்பியோடு விளையாடிய சிறுமிகள், பையன்களால் செய்ய முடிகிற வேலைகளைவிடத் தங்களால் செய்ய முடிகிறவை குறைவு என்றார்கள். டாக்டர் உடை போட்ட பார்பியாக இருந்தும் இதே பதில்தான். உருளைக்கிழங்கு உருவ பொம்மையோடு விளையாடியவர்களிடம் அந்த வித்தியாசம் குறைவாக இருந்தது.

பையன் கையில் ஏன் இல்லை?

இந்தியாவின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்டார்கள். ஆண்களில் 21.4 சதவீதம். அப்படி ஈடுபட்டவர்களிலும் பெண்கள் ஒரு நாளில் சுமார் 140 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 74 நிமிடம்.

இதற்கெல்லாம் காரணம் பொம்மைதான் என்று சொன்னால் அது ஓவர். ஆனால் தாலாட்டுவது, ஊட்டிவிடுவது, அழுதால் தூக்குவது எல்லாம் பழகினால் வரக்கூடியவை. அந்தப் பழக்கம் ஒரு பக்கத்துக்கு மட்டும் மூணு வயசிலேயே தொடங்குகிறது. தங்கச்சியின் பொம்மையைத் தூக்கிக் கொஞ்சும் பையனிடம் “டேய், நீ என்ன பொம்பளப் புள்ளையா?” என்று யாராவது சொல்லிவிட்டால், அவன் அதை மறுபடி தொடுவானா?

அதனால் பாட்டி வாங்கி வந்த பொம்மையைப் பரணில் போட வேண்டியதில்லை. அதே கூடையில் பிளாக்ஸ், பந்து, வண்டி, ஸ்டெதஸ்கோப் எல்லாம் கிடக்கிறதா என்று பாருங்கள். குழந்தை அந்தப் பாப்பாவை நோயாளியாக்கி ஊசி போட்டாலும், மாணவியாக்கி மிரட்டினாலும் “அம்மா மாதிரி தூங்க வை” என்று திருத்த வேண்டாம். அடுத்த பிறந்தநாள் பையனுக்கு என்றால், ஒரு பாப்பா பொம்மை வாங்கிப் பாருங்கள். குரூப்பில் பஞ்சாயத்து நிச்சயம்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம், பதிவுபெற்ற கைவினைஞர்களின் தயாரிப்புகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. மூணு வயசுக்குக் கீழே என்றால் பிடுங்கினால் கழன்று வரும் கண், பட்டன் இருக்கக் கூடாது. அழும் பொம்மை என்றால் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாய் வெந்துபோகும். அப்படி ஒரு சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.