ஒரு கிராமுக்கும் குறைவு

“கணக்குக்குக் கட்சி இல்லை” என்றார், விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவர். அணுக்கருத் தாக்கங்களில் வெளிப்படும் சக்தியைத் திணிவு வித்தியாசத்திலிருந்து கணிக்கும் பாடத்தை அவர் சான்றாகக் காட்டினார். தாக்கத்துக்கு முன்னுள்ள திணிவிலிருந்து பின்னுள்ள திணிவைக் கழித்து, எஞ்சுவதை ஒளிவேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கினால் விடை வந்துவிடும். அதற்கப்பால் வகுப்பறையிற் பேச எதுவுமில்லை என்பது அவர் வாதம். நான் தமிழாசிரியன். எனினும் இவ்வாதத்தை ஏற்க மறுக்கின்றேன்.

யுரேனியக் கருவின் பிளவுக்கு இக்கணக்கைச் செய்தவர், நாசி ஜெர்மனியிலிருந்து 1938இல் தப்பியோடிய லீசே மைட்னர். அவ்வாண்டு நத்தார்க் காலத்தில், சுவீடனிலே, சகோதரியின் மகனான ஓட்டோ பிரிஷுடன் பனியில் நடந்து சென்ற வேளையில் அவர் கணித்தார்: ஒரு கரு பிளவுறுகையிற் புரோத்தன் ஒன்றின் திணிவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைகின்றது, அது ஏறத்தாழ 200 மில்லியன் இலத்திரன் வோல்ற்றுச் சக்தியாகும். பிளவின் கண்டுபிடிப்புக்கான 1944ஆம் ஆண்டு நொபெல் பரிசோ ஓட்டோ ஹானுக்கு மாத்திரமே கிட்டியது. அணுகுண்டுப் பணிக்கு வந்த அழைப்பை மைட்னர் நிராகரித்தார். கணக்கைச் செய்தவருக்குக் கட்சி இருந்தது!

இனி மாணவர்கள் மற்றொரு கணக்கைச் செய்யட்டும். 1945 ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவில் வெளிப்பட்ட சக்தி ஏறத்தாழ 63 இலட்சம் கோடி யூல். ஒரு கிராம் திணிவுக்குச் சமமான சக்தி 90 இலட்சம் கோடி யூல். வகுத்துப் பாருங்கள்: 0.7 கிராம். அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் மாண்டோர் ஏறத்தாழ 140,000 பேர் என மதிப்பிடப்படுகின்றது. இவ்விரு எண்களையும் ஒரே கரும்பலகையில் எழுத நாம் ஏன் அஞ்சுகின்றோம்?

சமன்பாட்டையே கொலைகாரனாக்குவோரும் உண்மையை மறைக்கின்றனர். 1905இல் ஐன்ஸ்டைன் கண்ட தொடர்பு சக்தியை அளக்கின்றதேயன்றிக் குண்டு செய்யும் வழியைக் கூறவில்லை. மெழுகுதிரி எரிகையிலும் திணிவு குறைகின்றது. நிறுத்தறிய முடியாத அளவு சிறிது, அவ்வளவே. ஐதரசன் ஈலியமாகும்போது குறையும் 0.7 சதவீதத் திணிவே சூரியனை ஒளிரச் செய்கின்றது. நம் வயல்கள் விளைவதும் அதனாலேயே. குண்டை ஆக்கியவை அமெரிக்க அரசின் பணமும், யுரேனியத்தைப் பிரித்தெடுத்த பெரும் ஆலைகளும். அதை மக்கள்மீது வீசியது ஓர் அரசின் கட்டளை. பழியைச் சமன்பாட்டின்மேற் போட்டால், கட்டளையிட்டோர் தப்பிவிடுவர்.

ஆசிரிய நண்பர்களே, கணக்கைப் பிழையறக் கற்பிப்போம். தசமதானம் ஒன்றும் தவறவேண்டாம். ஆனால் விடையின் கீழே கோடிட்டதும், “இந்தச் சக்தி எவர் கையில்?” என ஒரு மாணவி வினவினால், அது பாடத்திட்டத்தில் இல்லையென்று அவளை அமரச் செய்யாதிருப்போம்.