முற்றத்தை இடிக்கும் முன்

அகமும் புறமும் கலந்த வீடு என்பது இன்றைய ஆடம்பர மாளிகைகளின் விளம்பர மொழி. தரை முதல் கூரை வரை கண்ணாடிச் சுவர்; அதற்கப்பால் புல்வெளி. காயல்பட்டினத்தில் பழைய வீட்டை இடித்து இத்தகைய மாளிகை எழுப்ப எண்ணும் குடும்பங்களிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறோம்: அந்தக் கண்ணாடி எத்தனை நாள் திரையின்றி இருக்கும்?

தூத்துக்குடிக் கரையின் வெயிலுக்கு அஞ்சிப் பகலில் திரை. பிறர் பார்வைக்கு அஞ்சி இரவிலும் திரை. நாள் முழுதும் குளிர்சாதனம் ஓடும். திறந்த வெளிக்கெனக் கொடுத்த பணம் வீண்விரயமாகும். அதை மார்க்கம் கண்டிக்கிறது.

நம் முன்னோர் வெளியை வீட்டின் நடுவில் வைத்தனர். முற்றத்தின் வழியே வெப்பக் காற்று மேலேறும். வெளிச்சமும் மழையும் உள்ளே வரும். அந்நியர் பார்வை வராது. வீடுகளுக்கிடையே உள்ள முடுக்குகளின் வழியே பெண்கள் தெருவுக்கு வராமலே உறவினர் இல்லங்களுக்குச் சென்று வந்தனர். பிறர் இல்லத்தினுள் அனுமதி பெற்று, ஸலாம் கூறி நுழையுமாறு அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் பணிக்கிறது. அந்த ஒழுக்கத்துக்குச் சுவரிலும் வாசலிலும் இடம் தந்த அமைப்பு அது.

இது வெறும் பழமைப் பற்று அன்று. கடலுக்கு அப்பால் கொழும்பில், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஏனா டி சில்வாவுக்காக வடிவமைத்த புகழ்பெற்ற வீடும் மதிலுக்குள் முற்றத்தைச் சூழ்ந்து அமைந்ததே.

காயலில் வீடு மகளுக்குச் சேர்வது வழக்கம். அதில் வாழப்போகிறவள் அவளே. வரைபடம் போடும் முன் அவளைக் கேளுங்கள். முற்றத்துக்கு இடம் ஒதுக்குங்கள். முடுக்கை உங்கள் மதிலுக்குள் சேர்த்துக்கொள்ளாதீர்கள். அதில் அண்டை வீட்டாருக்கும் உரிமை உண்டு.