பானா சிங்கின் பத்தொன்பதாவது ஆண்டு

ஜம்முவை ஒட்டிய ரன்பீர் சிங் புரா, பாசுமதி அரிசிக்குப் பேர்போன பகுதி. பாகிஸ்தான் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள காடியால் கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை பானா சிங், 1969 ஜனவரியில் பட்டாளத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 20. சாதாரண சிப்பாயாகப் போனவர், 2000-ல் கௌரவ கேப்டனாக ஊர் திரும்பினார். இடைப்பட்ட முப்பத்தோரு ஆண்டுகளில் ஒரு நாள் அவரை வரலாற்றில் ஏற்றியது.

1987 ஜூன் 26. சியாச்சின் பகுதியில், 21,000 அடிக்கு மேல் இருந்த ஒரு சிகரத்தில் பாகிஸ்தான் படை காவல் நிலை அமைத்திருந்தது. முகமது அலி ஜின்னாவின் பட்டப்பெயரால் அதற்கு ‘காயித்’ என்று பெயர். கீழே இருந்த இந்திய நிலைகளின் நடமாட்டம் முழுக்க அங்கிருந்தே தெரியும். மே மாத இறுதியில் அங்கே ஏற முயன்ற இரண்டாம் லெப்டினன்ட் ராஜீவ் பாண்டேயின் குழு சுடப்பட்டது, பாண்டே உயிரிழந்தார். அடுத்த தாக்குதலுக்கு அவர் பெயரையே வைத்து ‘ஆபரேஷன் ராஜீவ்’ என்றார்கள்.

நாயப் சுபேதார் பானா சிங்கும் நான்கு வீரர்களும் செங்குத்தான பனிச்சுவர் வழியாக ஏறினார்கள். கொட்டும் பனியில் எதிரே இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. அதுவே அவர்களுக்கு மறைப்பாகவும் ஆனது. உச்சியில் ஒரே ஒரு பதுங்கு குழி. பானா சிங் கையெறி குண்டை உள்ளே வீசிக் கதவை வெளிப்பக்கமாக அடைத்தார். வெளியே நின்றவர்களோடு துப்பாக்கிமுனைக் கத்திச் சண்டை. அன்றே சிகரம் இந்தியாவின் வசமானது. பின்னர் அதற்கு ‘பானா முனை’ என்று பெயரிட்டார்கள். 1988 குடியரசு நாளில் அவருக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. இதுவரை 21 பேருக்கே கிடைத்த விருது; அதிலும் 14 பேர் அதை உயிரோடு வாங்கவில்லை.

அந்த விருதுக்காக ஜம்மு காஷ்மீர் அரசு அவருக்குத் தந்த உதவித்தொகை மாதம் 166 ரூபாய். ஆண்டுக்கு 1,992 ரூபாய். ராணுவ ஓய்வூதியம் தனி என்றாலும், அண்டை மாநிலங்கள் தங்கள் வீரர்களுக்குத் தந்ததோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு. பானா சிங் வாய்விட்டுக் கேட்டார். 2006-ல் பஞ்சாப் அரசு, தன் மாநிலத்துக்குக் குடிவந்தால் பணமும் 25 ஏக்கர் நிலமும் தருவதாக அழைத்தது. பிறந்த மண்ணைவிட்டு வர முடியாது என்று மறுத்துவிட்டார். விஷயம் சந்தி சிரித்த பிறகே சொந்த மாநில அரசு தொகையை உயர்த்தியது.

ஒரே பதக்கத்துக்கு மாநிலத்துக்கு ஒரு விலை என்பதில் என்ன நியாயம்? மத்திய அரசு 2017-ல் பரம் வீர் சக்ரா படியை மாதம் 20,000 ரூபாயாக இரட்டித்தது. அது நாடு முழுவதற்கும் ஒன்றுதான். மாநிலங்கள் தரும் பங்கோ இன்றும் வீரர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. எல்லையில் நிற்கும்போது அவரிடம் யாரும் இருப்பிடச் சான்றிதழ் கேட்பதில்லை.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. காயித் நிலையைப் பிடித்தபோது பானா சிங்குக்கு வயது 38. சேவையில் பத்தொன்பதாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது. குல்மார்கில் உள்ள உயர்மலைப் போர்ப் பள்ளியில் பயிற்சி பெற்று, படிப்படியாக நாயப் சுபேதார் ஆனவர். 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட, நான்கு ஆண்டுக்குச் சிப்பாய்களைச் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தின் கணக்குப்படி, 1969-ல் சேர்ந்தவர் நிரந்தரப் பணிக்குத் தேர்வாகாமல் போயிருந்தால் 1973-லேயே மூட்டை கட்டியிருப்பார். நான்கு ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் படையில் தொடரலாம். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்ப வேண்டும். அவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது.

படைக்கு இளமை வேண்டும் என்கிறது அரசு. அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. கார்கிலில் டைகர் மலையில் ஏறிப் பரம் வீர் சக்ரா பெற்ற யோகேந்திர சிங் யாதவ், உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பையன். அன்று அவருக்கு 19 வயது, சேவை மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. ஆனால், அவரும் அதோடு ஊருக்குப் போய்விடவில்லை. 2021 வரை படையில் இருந்து, கௌரவ கேப்டனாகத்தான் ஓய்வு பெற்றார். புதிதாக வரும் சிப்பாய்க்குப் பனியில் கால் வைக்கக் கற்றுத்தருபவர் இப்படி நிலைத்து நிற்கும் அவில்தாரும் சுபேதாருமே. அவர்கள் நான்கு ஆண்டில் உருவாகிவிடுவதில்லை.

கிராமத்துக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்புவதில் நாட்டுப்பற்றோடு ஒரு கணக்கும் உண்டு: நிலையான சம்பளம், பதவி உயர்வு, வயதான காலத்தில் பென்ஷன். அதைக் குறையாகச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பானா சிங்கின் மகனும் ராணுவத்தில்தான் சேர்ந்தார்.

அக்னிபத்தில் சேர்ந்த அக்னிவீரர்களின் முதல் அணிக்கு 2026 இறுதியிலிருந்து நான்கு ஆண்டு நிறைவடையத் தொடங்குகிறது. அதற்குள் அந்த 25 சதவீத வரம்பை அரசு உயர்த்த வேண்டும். வீர விருதுகளுக்கான மாநில உதவித்தொகையை நாடு முழுவதும் ஒரே அளவாக்க மத்திய அரசும் மாநிலங்களும் கலந்து பேசி முடிவெடுக்க வேண்டும்.