எச்சரிக்கையைத் தாண்டச் சொல்லாதீர்கள்

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கமிருந்து பஸ் பிடித்து இறங்கி வருகிறவர்கள் பட்டா, சாதிச் சான்று, உதவித்தொகை என்று கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறார்கள். அவர்களுடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் என் கணினி வழியாகத்தான் போகின்றன.

சில மாதங்களுக்கு முன் ஓர் அரசுத் தளத்தைத் திறந்ததும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று எச்சரிக்கை வந்தது. தளத்தின் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. அந்தத் துறை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டால், "அட்வான்ஸ்டு அழுத்தி உள்ளே போங்க சார், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்கிறார்கள். நான் போகவில்லை. மலையிலிருந்து வந்த அம்மாவை மறுநாள் வரச் சொன்னேன். அவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று.

"அனுப்புற தகவலைப் பூட்டுற குறியாக்கம்தான் இருக்கே, அப்புறம் என்ன?" என்று சக கடைக்காரர்கள் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் குறியாக்கத்தின் பலத்தையே சான்றிதழ்தான் தீர்மானித்தது. 1990களில் அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தால் வெளிநாட்டு பிரவுசர்களுக்கு 40 பிட் பூட்டுதான் கிடைத்தது. வங்கிகள் தனி வகைச் சான்றிதழ் வாங்கினால் மட்டும் அதே பிரவுசர் 128 பிட்டுக்கு ஏறும். 40 பிட் பூட்டை 1995இல் பிரான்சில் ஒரு மாணவர் எட்டே நாளில் உடைத்தார். 2000இல் அமெரிக்கா அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. இந்தியாவிலோ இணைய சேவை உரிமம் 40 பிட்டுக்கு மேல் அனுமதி கேள் என்றது. ஆனால் 2001இல் ரிசர்வ் வங்கி குறைந்தது 128 பிட் வேண்டும் என்றது!

இன்று பலத்தை பிரவுசரும் சர்வரும் பேசி முடிவு செய்துகொள்கின்றன. எதிர்முனையில் இருப்பது யார் என்று உறுதி சொல்வதே சான்றிதழின் வேலை. போலித் தளத்துக்கு எவ்வளவு பலமான குறியாக்கத்தில் ஆதார் எண்ணை அனுப்பினாலும் அது திருடன் கைக்குத்தான் போகும். 2014 ஜூலையில், சான்றிதழ் வழங்கி வந்த மத்திய அரசின் தேசிய தகவலியல் மையத்தின் பெயரிலேயே கூகுள், யாகூ தளங்களுக்கு முறைகேடான சான்றிதழ்கள் வெளிவந்ததை கூகுள் கண்டுபிடித்தது. நம்பிக்கைக்குரிய இடத்திலேயே இப்படி நடக்கும் என்றால், எச்சரிக்கையைத் தாண்டிப் பழகுவது எவ்வளவு ஆபத்து? சான்றிதழின் தேதி முடிந்த தளமானாலும் சான்றிதழ் பொருந்தாத போலித் தளமானாலும் திரையில் வருவது கிட்டத்தட்ட ஒரே பக்கம்தான். காரணம் கீழே சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும். அதை யார் படிக்கிறார்கள்?

சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, தானாகப் புதுப்பிக்கவும் வழி இருக்கிறது. 2029 மார்ச் முதல் அதன் ஆயுள் அதிகபட்சம் 47 நாள்தான். நாள் பார்த்துக் கையால் புதுப்பிப்பது இனி ஆகாது. துறைகள் இப்போதே தானியங்கி முறைக்கு மாற வேண்டும். அதுவரை, எச்சரிக்கை வந்தால் தளத்தை மூடிவிடுங்கள். தாண்டிப் போகச் சொல்வது எந்த அலுவலகமானாலும் அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.